பஞ்சாலை வீட்டுப் பிடியரிசி

எங்கள் சபை சிரம்பானில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் தொடங்கியது. கீழே கடை முதலாளி சீனத் தவுக்கே டயருக்குக் காற்றடிப்பார், மேலே நாங்கள் கீர்த்தனை பாடுவோம். இரண்டில் எது சத்தம் அதிகம் என்பது கர்த்தருக்குத்தான் வெளிச்சம். இன்று வெள்ளைச் சுவரும் கோபுரமுமாக நிற்கிற கோயிலைக் காட்டி, ஆண்டு விழாவில் பேசுகிறவர்கள் எல்லாரும் “ஜெபத்தால் வளர்ந்த சபை” என்கிறார்கள். ஜெபம் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. நானும்தான் முழங்கால் தேயச் செய்தேன். ஆனால் வளர்ந்த கதை வேறு. எனக்கு நாக்கில் நரம்பில்லை என்று மைக்கை என்னிடம் தருவதில்லை. அதனால் இங்கே சொல்கிறேன்.

கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் போய், வெள்ளைக்கார சர்க்கார் மலாயாவில் அவசரகாலம் போட்ட வருஷம் ரப்பர் தோட்டத்துச் சனங்கள் பயந்துபோய்க் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டணத்துக்கு வரத் தொடங்கினார்கள். என் புருஷன் தேவஇரக்கம் அப்போது பி.டபிள்யூ.டி. லாரி டிரைவர். நான் ஆஸ்பத்திரியில் ஆயா. இரண்டு பேரும் திருநெல்வேலிப் பக்கத்து வேதக்காரர்கள். சிரம்பானில் வெள்ளைக்காரர் கோயில் ஒன்று இருந்தது. அங்கே எங்களுக்குக் கடைசி பெஞ்சும் விளங்காத பிரசங்கமும் கிடைக்கும். அது போதும் என்று ஒரு நாள் எழுந்து வந்து, தோட்டத்திலிருந்து வந்த நாலு குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு எங்கள் வீட்டிலேயே பாடத் தொடங்கினோம். இடம் போதாமல் போனபோது மாடியைப் பிடித்துக் கொடுத்தவர் அமிர்தலிங்கம். யாழ்ப்பாணத்து வேதக்காரர், ரயில்வே ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. கோலாலம்பூரிலிருந்து மாதம் ஒரு தடவை பாஸ்டர் வர ஏற்பாடு செய்தவரும் அவர்தான். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகப்போக என் வாயில் வேறு மாதிரி வரலாம்.

மாடிக்கு வாடகை கொடுக்க எங்களிடம் இருந்தது பிடியரிசிதான். உலையில் போட அரிசி அளக்கும்போது அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிச் சட்டியில் போடுவோம். எங்கள் ஊர்ச் சபைகளில் பெண்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த பழக்கம் அது. அந்தப் பிடி கர்த்தருடையது. வீட்டில் என்ன பஞ்சம் வந்தாலும் அதில் கை வைக்க மாட்டோம். ஞாயிற்றுக்கிழமை துண்டில் முடிந்து கொண்டுபோய்க் கோயிலில் கொட்டுவோம். பாஸ்டர் வருகிற ஞாயிறு அவர் ஜெபித்து ஒப்புக்கொடுத்த பிறகு பாதியை விற்று வாடகை, மீதியைப் பொங்கி எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து அசனச் சாப்பாடு. கையில் காசு இல்லாதவளும் தலை நிமிர்ந்து காணிக்கை போட முடிகிற வழி அது ஒன்றுதான்.

பஞ்சாலை என்கிறவள் எங்களிடம் வந்தது ஆஸ்பத்திரி வழியாக. பாரோய் தாண்டி குவாலா பிலா சாலையில் கல்லுமலைத் தோட்டம் என்று ஒன்று இருந்தது. அங்கே பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவள். பிள்ளை வயிற்றிலேயே இறந்து, அவளும் பிழைப்பாளா என்று கிடந்தபோது நான்தான் பக்கத்தில் இருந்தேன். உடம்பு தேறிப் போனவள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் நின்றாள். அவள் புருஷன் நல்லசாமி வரவில்லை, தடுக்கவும் இல்லை. ஒரு கிறிஸ்துமஸுக்கு ஞானஸ்நானம் எடுத்தாள். அமிர்தலிங்கம் அவளுக்கு ரூத் என்று பெயர் வைக்கலாம் என்றார்.

“காலைல பெரட்டுல பேர் வாசிக்கிற மண்டோர் ரூத்துன்னு கூப்பிட்டா நானே திரும்பிப் பார்க்க மாட்டேங்க. பஞ்சாலையே இருந்துட்டுப் போவட்டும்லா” என்றாள்.

அவள் வாய்க்காகவே எனக்கு அவளைப் பிடிக்கும். அவளைப் பார்த்து அதே லயத்திலிருந்து இன்னும் ஐந்து வீடுகள் வந்தன. சபை அப்படித்தான் கொஞ்சம் தலையெடுத்தது.

பிறகு வேலி வந்தது. காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக்கூடாது என்று தோட்டத்து லயங்களையெல்லாம் ஓர் இடத்தில் சேர்த்து முள்கம்பி போட்டார்கள். அரிசி ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தார்கள். கேட்டில் ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணுமாகத் தடவிப் பார்ப்பார்கள். வேலிக்கு வெளியே ஒரு மணி அரிசியோடு பிடிபட்டால் ஜெயிலில் போட்டுவிடுவார்கள். விசாரணைகூட இல்லாமல் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பியதாகவும் கேள்விப்பட்டோம்.

கல்லுமலைத் தோட்டத்து ஆறு வீட்டுப் பெண்களும் வெறுங்கையோடு கோயிலுக்கு வந்தார்கள். பிடியரிசி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நின்றுபோயிருக்கும் என்று நான் நினைத்தேன். அளந்து கொடுக்கிற அரிசி வாரக் கடைசியை எட்டாதபோது யார் பிடி எடுக்கப்போகிறார்கள்?

எடுத்திருக்கிறார்கள். ஆறு பேரும் எடுத்திருக்கிறார்கள். வெளியே கொண்டுவர முடியாததால் எல்லாவற்றையும் பஞ்சாலை வீட்டில் ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். அதைப் பஞ்சாலை என்னிடம் ஒரு நாள் பெருமையாகச் சொன்னாள்.

“மத்தவங்க வீட்ல புள்ளைங்க இருக்குதுக்கா. பசின்னு அழுதா எவளுக்கும் மனசு எளகிடும். என் வீட்ல யாரு இருக்கா? அதான் நானே வாங்கி வச்சிக்கிட்டேன். முக்கா தகரம் வந்திருச்சு.”

அரிசிக்கு அடித்துக்கொள்கிற லயத்தில் முக்கால் தகரம் அரிசி சாப்பிடாமல் கிடக்கிறது என்றால், பார்க்கிற போலீஸ்காரன் என்ன நினைப்பான்?

“பைத்தியக்காரி, இன்னைக்கே போய் ஆறு வீட்டுக்கும் பங்கு வச்சுப் பொங்கித் தின்னுங்கடி” என்றேன்.

அவள் முகம் மாறிவிட்டது. “சாமிக்குன்னு எடுத்தத வாயில போடறதா? மாரியம்மன் கோயில்லயே அப்படிச் செய்ய மாட்டோம்க்கா. இங்க வந்து செய்வமா?”

நான் நேரே அமிர்தலிங்கத்திடம் போனேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அவள் கேட்பாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“வேதமணி, அது காணிக்கையெல்லோ. பாஸ்டர் ஜெபிச்சு ஒப்புக்குடுக்காமல் நாங்கள் எப்பிடித் தொடுறது? அவர் வரட்டும். பொறுங்கோ.”

பாஸ்டர் வரவில்லை. கோலாலம்பூர் ரோட்டில், மந்தின் ஊர்ப்பக்கத்து மலைப்பாதையில் சுடுகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியதிலிருந்தே அவர் வருவது நின்றிருந்தது. அமிர்தலிங்கம் ஒவ்வொரு ஞாயிறும் அடுத்த மாதம் என்றார். நான் ஒவ்வொரு ஞாயிறும் பஞ்சாலையின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். தகரம் நிறைந்து இன்னொரு தகரத்தைத் தேடிக்கொண்டிருந்தாள் அவள்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவள் என் முந்தானையைப் பிடித்துப் பின்கட்டுக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“நான் மரம் வெட்டற நெரையில ஒருத்தன் வந்தான்க்கா. காட்டுக்காரன்.”

“கம்யூனிஸ்டா? சீனனா?”

“தமிழன். முன்ன நம்ம தோட்டத்துல யூனியன் வேல பார்த்தவனாம். பேர் சொல்லிக் கூப்பிடறான். உன் வீட்ல அரிசி இருக்குதாமே, சனிக்கெழம பின்பக்கக் கம்பிக்கிட்ட கொண்டாந்து வச்சிருன்னான். அது ஏசுசாமி அரிசின்னேன்.”

“அதுக்கு?”

“சாமிக்குப் பசிக்காது, எங்களுக்குப் பசிக்குதுன்னான். சிரிக்கவே இல்லக்கா. என் பால்வாளிய ஒரு மாதிரி பார்த்துட்டுப் போயிட்டான்.”

கொடுத்தால் போலீஸ், கொடுக்காவிட்டால் காடு. இரண்டு பக்கமும் கத்தி. எனக்கு அழுகை வருவதற்குப் பதில் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மாடிக்கு ஓடிப்போய், ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டிருந்த அமிர்தலிங்கத்தை எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டேன். இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் அந்த அரிசி வெந்து வயிற்றுக்குள் போயாக வேண்டும், பாஸ்டரும் வேண்டாம் கீஸ்டரும் வேண்டாம் என்றேன்.

அவர் வெளிறிப்போனார். ஆனாலும் கிராணி புத்தி நிதானமாகத்தான் வேலை செய்தது. “அவ்வளவு அரிசியையும் ஒரு நாளிலை பொங்கினால் காவல்காரன் கேக்க மாட்டானோ? ஒளிச்சால்தான் குற்றம். நாங்களே போய்ச் சொன்னால் அவைக்கு விளங்கும். நான் நாளைக்குப் போய்க் கதைக்கிறன். ஒண்டுக்கும் பயப்பட வேண்டாம்.”

“போலீஸ்கிட்டயா? அவங்ககிட்டப் போய் இவ பேரச் சொல்லப்போறீங்களா?”

“ஒளிவு மறைவில்லாமல் சொல்லப்போறன்” என்றார். அவர் வாழ்நாளெல்லாம் ஆபீஸில் உண்மையைச் சொல்லி நல்ல பெயர் வாங்கியவர். உண்மை எல்லா இடத்திலும் அப்படித்தான் எடுபடும் என்று நம்பினார். பஞ்சாலையும் அவர் சொன்னதற்கே தலையாட்டினாள். படித்தவர் சொல்கிறார், தொட்டால் பாவம் என்று வேறு சொல்லியிருக்கிறார்; நான் வெறும் ஆயா.

திங்கட்கிழமை அவர் வெளுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். இன்ஸ்பெக்டர் நாற்காலி கொடுத்து உட்காரச் சொன்னாராம், வேத வழக்கத்தைப் பற்றி அக்கறையாகக் கேட்டாராம். அமிர்தலிங்கம் சந்தோஷமாகத் திரும்பி வந்தார். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் போலீஸ் லாரி கல்லுமலைத் தோட்டத்துக்குள் நுழைந்தது. தகரத்தோடு பஞ்சாலையையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

செய்தி கொண்டுவந்தது நல்லசாமி. ஆஸ்பத்திரி வாசலில் நின்றான். அவனை நான் அதுவரை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். வேலை வேட்டியோடு, காலில் பால்மரத்துச் சேறோடு வந்திருந்தான்.

“ஒங்க சாமிக்கு எடுத்து வச்ச அரிசிதானே? ஒங்க ஆளுங்கதானே போய்ச் சொல்லி எடுக்கணும்?” என்றான். குரலை உயர்த்தவில்லை. அவன் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் நாங்கள் பதினோரு பெண்கள் ஸ்டேஷனுக்குப் போனோம். கல்லுமலையிலிருந்து ஐந்து பேர், பட்டணத்தில் ஆறு பேர். பிடி எடுத்தோம் என்று ஒப்புக்கொண்டால் எங்களையும் பிடிக்கலாம் என்று அமிர்தலிங்கம் எச்சரித்தார். ஆனால் கோட்டை மாட்டிக்கொண்டு எங்கள் முன்னால் நடந்தவரும் அவரேதான். ஒவ்வொருத்தியாக மேஜை முன்னால் போய், அந்தத் தகரத்தில் ஒரு மணிகூடப் போடாத பட்டணத்துக்காரிகளும் சேர்ந்து, என் கைப்பிடியும் அதில் இருக்கிறது என்று சொன்னோம். மொழிபெயர்க்க ஒரு தமிழர் உட்கார்ந்திருந்தார்.

இன்ஸ்பெக்டர் தகரத்துக்குள் முழங்கை வரை கையை விட்டு அடியரிசியை அள்ளினார். கறுகறுவென்று வண்டு ஓடியது. புழுத்து மாவாகிப்போன அரிசி. காட்டுக்குக் கொடுக்கிறவள் வண்டு பிடிக்கிற வரையில் வைத்திருக்க மாட்டாள் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். கையை உதறிவிட்டு, ரெண்டு நாளில் பார்க்கலாம் என்றார்.

வெள்ளிக்கிழமை விட்டுவிட்டார்கள். ஒரு அடி, ஒரு கீறல் இல்லை. நான் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் அவள் தோட்டத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றார் அமிர்தலிங்கம். அவர் முகம் பூரித்திருந்தது.

“பஸ்ஸிலை தனிய அனுப்ப மனமில்லை, வேதமணி. ரோட்டிலை என்ன நடக்குமோ! நான் இன்ஸ்பெக்டரிட்டைக் கேட்டன். பாவம், போலீஸ் ஜீப்பிலையே கொண்டுபோய் கேட்டடியிலை இறக்கிவிட்டவை.”

“ஜீப்பிலயா?”

“ஓம்.”

“எத்தனை மணிக்கு?”

“வேலை விட்டு எல்லாரும் வாற நேரம்தான். எல்லாரும் கண்டவையாம்” என்றார்.

அரிசி கேட்டான் காட்டுக்காரன். சனிக்கிழமை வருவதற்கு முன்னால் அரிசி போலீஸுக்குப் போயிற்று. போனவள் நாலாம் நாள் அடி வாங்காமல் போலீஸ் ஜீப்பில் வந்து இறங்கினாள். காட்டுக்குள் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போடுகிறவனுக்கு என்ன விடை வரும்? அமிர்தலிங்கத்திடம் அதைச் சொன்னேன். அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கும் விளங்கிவிட்டது. அன்றைக்குப் பிறகு அவர் வாயிலிருந்து “பயப்பட வேண்டாம்” என்ற வார்த்தையை நான் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திர ஆராதனை வைத்தார்கள். ஏற்கெனவே சொல்லிவிட்டதால் நிறுத்த முடியவில்லை. கர்த்தர் சிறைக்கதவைத் திறந்தார் என்று ஆளாளுக்குச் சாட்சி சொன்னார்கள். பஞ்சாலை வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் அவளைத் தனியாகக் கூட்டிப்போனேன்.

“திரும்பிப் போகாதே. எங்க வீட்ல இரு. ஆஸ்பத்திரியில தொடைக்கிற வேல வாங்கித் தாரேன். நல்லசாமியையும் வரச் சொல்லு.”

“அவரும் அதத்தான் சொல்றாருக்கா.”

“பின்ன என்னடி?”

“நான் யாரையும் காட்டிக் குடுக்கல. இப்ப ஓடினா, செஞ்சிட்டுத்தான் ஓடறான்னு ஆயிரும். லயத்துல மத்த அஞ்சு வீடு இருக்குதுலா. நான் போயிட்டா அவளுங்களத்தான கேப்பான்?”

கெஞ்சினேன், திட்டினேன். கையைப் பிடித்து இழுத்தேன். சம்பள நாள் முடிந்து அடுத்த வாரம் ரெண்டு பேருமாக வந்துவிடுகிறோம் என்று என்னைச் சமாதானப்படுத்தினாள். ஊரடங்குக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று மூன்று மணி பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்ததில் அவளுக்குச் சந்தோஷம்.

புதன்கிழமை பால் நிறுக்கிற நேரத்துக்கு அவள் ஸ்டோருக்கு வரவில்லை. மண்டோர் முனியாண்டி நிரைக்குப் போய்ப் பார்த்தார். அவளுடைய மரத்திலேயே அவளைக் கட்டி வைத்திருந்தார்கள். அதற்கு மேல் நான் எழுத மாட்டேன். ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள், குளிப்பாட்டியது நான்தான். அவள் உடம்பு எனக்குத் தெரியும், முன்பு ஒரு முறை பிழைக்கவைத்த உடம்பு.

அடக்கம் முடிந்த அன்றே என் புருஷன் யாரையும் கேட்காமல் சர்க்கார் லாரியை எடுத்துக்கொண்டு கல்லுமலைக்குப் போனார். அந்த ஐந்து வீட்டுக்காரர்களும் பாயும் சட்டியுமாக ஏறி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பக்கத்து லயத்துக்காரர்கள், வேதத்துக்கு வராதவர்கள்கூட, இங்கே படுக்க இடம் தருகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். மாடியில் வரிசையாகப் படுத்தார்கள். பிள்ளைகள் அழுதன. அமிர்தலிங்கம் லீவு போட்டுவிட்டு ஒவ்வொருவருக்கும் வேலை தேடி அலைந்தார். தவுக்கே தாமாகவே பக்கத்து அறையையும் திறந்து கொடுத்தார். ஒரு மாதத்துக்குள் சபை இரண்டு மடங்காகிவிட்டது.

அப்போதுதான் பாஸ்டர் வந்தார், முன்னாலும் பின்னாலும் கவச வண்டி காவலோடு. படிக்கட்டு வரை ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கர்த்தர் இந்தச் சிறிய மந்தையைப் பெருகச் செய்தார் என்று கையை உயர்த்தினார். எல்லாரும் ஆமென் என்றார்கள். அமிர்தலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். யார் மேல் கோபப்படுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. கர்த்தர் மேலும் இருந்தது. அதையும் மறைக்க மாட்டேன்.

பிரசங்கம் தொடங்கும்போது படியில் கிடந்த செருப்புகளைத் தாண்டி நல்லசாமி வந்தான். சலவைச் சட்டை போட்டிருந்தான், முடியைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தான். வாசலில் இருந்த என்னிடம் குனிந்து கேட்டான்.

“அவ எங்க ஒக்காருவா?”

எங்கள் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் பெண்கள் பக்கம், சுவரோரம், இரண்டாவது வரிசையைக் காட்டினேன். அங்கே இப்போது புதிதாக வந்த ஒருத்தி பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். அவன் பெண்களுக்கு நடுவே நடந்து போய் அவள் பக்கத்தில் நின்றான். அவள் பிள்ளையை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

பாஸ்டர் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ அவனைக் கூப்பிட எழுந்தார். அமிர்தலிங்கம் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

பாட்டு வந்தபோது எல்லாரும் எழுந்தோம். அவனுக்குப் பாட்டுத் தெரியாது. சுவரைப் பார்த்துக்கொண்டு, முடிகிற வரையில் சும்மா நின்றான்.